லூசியின் தாடை

மகன்,

நீ வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதம் கொழும்பில் ஒருவர், பொலன்னறுவையில் ஒருவர் என்று கை மாறிக் கை மாறி, போன வியாழக்கிழமை என்னிடம் வந்து சேர்ந்தது. உறையின் நாலு மூலையும் கிழிந்திருந்தது. வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்களோ தெரியாது. பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள், இரண்டு பக்கமும் நாயின் பல்லைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாய். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். நான் வர முடியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தச் சண்டையில் பாதை இருக்கிற இருப்பில் செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு ரவுணுக்குப் போய் வருவதே ஒரு நாள் வேலை. அதைப் பற்றி எழுதி இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்க வேண்டாம். நீ தாலி கட்டும் நேரம் நான் இங்கே சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு இருப்பேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்காதே. நீ கட்டப்போகிற தர்சினியைப் பக்கத்தில் இருத்தி வாய்விட்டுப் படி. அவளுடைய அம்மா அப்பா, உன் சிநேகிதர்கள், யார் வீட்டில் இருந்தாலும் கேட்கட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் ஒளித்தேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விடாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

நீ என்ன கேட்டாய் என்று உனக்கே ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். தர்சினியிடம் மிலோ என்று ஒரு சின்ன நாய் இருக்கிறது, மூன்றரைக் கிலோ, நாலு வயது. கலியாணத்தோடு அதுவும் உன் வீட்டுக்கு வருகிறது. அதன் பல்லை வருடத்துக்கு ஒருமுறை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், மயக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறாள் அவள். நீ எழுதியிருக்கிறாய்: “அம்மா, நாய்க்கு மயக்க ஊசி போட்டுப் பல்லுச் சுத்தம் செய்யிறாங்களாம், அதுவும் வருசா வருசம். மயக்கத்தில அது செத்துப்போனா என்ன செய்யிற? நீங்க லூசிக்கு வீட்டிலயே சுரண்டி விட்டீங்கதானே. கடைசி வரைக்கும் பல்லு வெள்ளையாத்தானே இருந்திச்சு. சின்ன நாய்க்கு எத்தின வருசத்துக்கு ஒருக்கா செய்தாப் போதும் எண்டு நீங்க ஒரு கடிதம் எழுதுங்க. பல்லு மிஸ்ஸி நீங்க சொன்னா அவள் கேப்பாள்.” இது உன் எழுத்து. அதற்குக் கீழே, நீ பார்த்தாயோ பார்க்கவில்லையோ, தர்சினி பென்சிலால் நாலு வரி எழுதியிருக்கிறாள்: “மாமி, இவர் மிலோவை நல்லாப் பார்க்கிறார். நடக்கக் கூட்டிக்கொண்டு போவார், குளிக்க வார்ப்பார். ஆனால் அவன் ஒரு துணியைக் கவ்விக்கொண்டு விளையாட வந்தால் எழும்பி வெளியில போயிடுவார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். உங்களுக்குத் தெரியுமோ?” உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அவளுடைய கேள்விக்குத்தான் இத்தனை தாள்.

உன் பதிலை முதலில் பிடி. வருடத்துக்கு ஒருமுறை. மயக்க ஊசியோடு. தர்சினி சொல்வது சரி, நீ சொல்வது பிழை. கலியாணத்துக்கு முன்னமே அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு, மகன். அம்மா எப்போதும் உன் பக்கம் சாட்சி சொல்வாள் என்று ஒரு நிச்சயமும் இல்லை. உன் அப்பாவும் கலியாணமான புதிதில் “எங்கட அம்மா இப்பிடிச் செய்ய மாட்டா” என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். ஆறாவது தரம் அவருக்குச் சொதி வைத்துத் தர ஆள் இருக்கவில்லை.

நான் யார் என்று தர்சினிக்கு நீ சரியாகச் சொல்லியிருக்கிறாயா தெரியாது. ஆகவே அவளுக்காகச் சொல்கிறேன். நான் பல் டொக்டர் இல்லை, பிள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் பார்த்தவள். அரசாங்கம் இரண்டு வருடம் படிப்பித்து, ஒரு சாய்கதிரையும் காலால் மிதித்து ஓட்டும் துளையிடும் இயந்திரமும் ஒரு பெட்டி ஆயுதங்களும் தந்து, ரோட்டோரப் பள்ளிக்கூடம் ஒன்றின் மூலை அறையில் என்னை இருத்தியது. ஊருக்கு நான் ‘பல்லு மிஸ்ஸி’. சந்தையில் என்னைக் கண்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு தாயின் பின்னால் ஒளியும். சண்டை பெருத்து, படுவான்கரைச் சனமெல்லாம் வாவி கடந்து வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியபோது என் அறையையும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, கதிரையை வெளியே மாமரத்துக்குக் கீழே போட்டுப் பல் பிடுங்கினேன். முப்பத்தொரு வருடம். சூத்தைப் பல்லை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், ஆனால் பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த முப்பத்தொரு வருடமும் நான் பார்த்தது பிள்ளைகளின் வாய். பிள்ளைகளுக்கு நோய் பல்லின் மேலேதான் வரும், கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியும். பல்லைப் பிடித்து வைத்திருக்கும் முரசுக்குள் புகுந்து, உள்ளே எலும்பைத் தின்னுகிற நோய் வளர்ந்தவர்களுக்கு வருவது. அப்படி யாரும் வந்தால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அது என் வேலை இல்லை.

லூசி எங்கள் வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. என்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்த பறங்கித் தோழி ஒருத்தி ரவுணில் இருந்தாள். அவள் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, “நீ பல்லுக்காரி, உன் கையிலதான் இவளை விட்டுட்டுப் போவன்” என்று ஒரு கூடையில் வைத்து என்னிடம் தந்துவிட்டாள். வெள்ளை நாய், நாலு வயது, தேங்காயை விடக் கொஞ்சம் பெரிது. எங்கள் ஊரில் நாய் என்றால் வளவைக் காக்கிற, ஆமி வந்தால் முன்கூட்டியே குரைத்துச் சொல்கிற நாய். லூசி காகத்துக்குக் குரைப்பாள், காகம் திரும்பிப் பார்த்தால் உன் காலுக்கிடையில் வந்துவிடுவாள். பக்கத்து வீட்டு மலர் அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, “என்னகா மிஸ்ஸி, இது நாயா, நாய்ட குட்டியா, குட்டிட குட்டியா?” என்று கேட்டாள். அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை, பாதை திறந்தால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். வந்தவர் லூசியைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கே தான் உடுத்த பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, அவள் இழுத்து விளையாட ஒரு துண்டு முடிந்து கொடுத்தார். அந்தத் துண்டின் ஒரு நுனி அவள் வாயில், மற்ற நுனி உன் கையில். மூன்று வருடம் அப்படித்தான் போனது.

நான் என் பங்குக்கு என்ன செய்தேன்? மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் துவாயை விரித்து அவளை இருத்தி, கிளினிக்கில் கூர் மழுங்கியதென்று ஒதுக்கிய கொக்கி ஒன்றால் பல்லில் பிடித்திருக்கும் காறையைச் சுரண்டி எடுப்பேன். ஒரு துண்டுக் கருவாட்டைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் அசையாமல் இருப்பாள். காறை மஞ்சள் மஞ்சளாகக் கழன்று விழும், பல் சங்கு மாதிரி வெள்ளையாக வரும். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுச் சூத்தை தேடுவேன். ஒரு சூத்தை கிடையாது. மலர் அக்காவைக் கூப்பிட்டு லூசியின் உதட்டைத் தூக்கிக் காட்டுவேன். “பாருகா, எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு புள்ளைக்கு இப்பிடிப் பல்லு இருந்தா எனக்குச் சம்பளமே தேவையில்ல.” நாய்க்குச் சூத்தை வருவதே அருமை என்று எனக்குத் தெரியாது. வராத நோயைத் தேடிவிட்டு, இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். வருகிற நோய் எங்கே இருக்குமோ, அந்த முரசுக்குக் கீழே நான் ஒருமுறையும் போகவில்லை. விழித்திருக்கிற நாய் போக விடவும் மாட்டாது.

நீ கண்டாய். இதை எத்தனையோ தரம் நினைத்து எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது, இப்போது எழுதிவிடுகிறேன். உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது நீ வந்து சொன்னாய்: “அம்மா, லூசிட வாய் நாறுது.” நான் கேட்டேன்: “நாய்ட வாய் நாறாம மல்லியப் பூவா மணக்கும்?” பிறகு ஒரு நாள் சொன்னாய்: “அம்மா, அவள் இடப் பக்கத்தால மெல்லுறாள் இல்ல. மீன் தலையக் கவ்விப்போட்டு விட்டுடுறாள்.” நான் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “சூத்தை ஒண்டும் இல்ல, ராசாத்திக்குச் செல்லம் கூடிப்போச்சு” என்றேன். சாரத்துண்டில் ஒரு பொட்டு இரத்தம் இருந்ததைக்கூடக் கொண்டுவந்து காட்டினாய். எலும்பு குத்தியிருக்கும் என்றேன். நான் போரைச் சாட்டாகச் சொல்லப் போவதில்லை. பஸ் ஓடாத நாளும் இருந்தது, ஓடிய நாளும் இருந்தது. ரவுணில் மிருக வைத்தியர் இருந்தார். பல்லு மிஸ்ஸி தன் நாயின் பல்லைக் காட்ட இன்னொருவரிடம் போவதா என்று எனக்கு ஒரு எண்ணம். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. உனக்குப் பதினொரு வயது. காலை ஒன்பது மணி இருக்கும், நான் கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தேன். நீயும் லூசியும் முற்றத்தில் சாரத்துண்டை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். லூசி ஒருமுறை கத்தினாள். நான் திரும்பியபோது அவளுடைய கீழ்த்தாடை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நீ துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றாய், உன் முகத்தில் இரத்தமே இல்லை. நான் சவர்க்காரக் கையோடு ஓடிவந்து உன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். “எத்தின தரம் சொன்னன், முரட்டு விளையாட்டு விளையாடாத எண்டு? நாய்ட வாய உடச்சிப்போட்டியே!” உண்மையில் அதற்கு முன் நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. நீ அழவில்லை. “நான் மெதுவாத்தான் இழுத்தன்” என்று மட்டும் சொன்னாய். உன்னை மலர் அக்காவிடம் விட்டுவிட்டு, லூசியின் தாடையை ஒரு துணிப்பட்டியால் தாங்கிக் கட்டி, அவள் வந்த அதே கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாலத்தடிச் சோதனையில் வழக்கம்போல் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஆமிக்காரன் ஒருவன், இருபது வயதுதான் இருக்கும், கூடையைத் திற என்றான். திறந்தேன். தலையில் கட்டுப்போட்ட ஒரு சின்ன வெள்ளை நாயை அவன் எதிர்பார்க்கவில்லை. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தாடை முறிந்துவிட்டது, டொக்டரிடம் போகிறேன், நானும் பள்ளிக்கூடத்தில் பல் பார்க்கிறவள் என்று சொன்னேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் வாயைத் திறந்து ஒரு விரலால் பின்பக்கம் காட்டினான். கடைவாய்ப் பல் கால்வாசி வெளியே, முக்கால்வாசி உள்ளே, அதைச் சுற்றி முரசு சிவந்து வீங்கியிருந்தது. உப்புத் தண்ணீரால் கொப்புளிக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் முகம் வீங்கும் என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு என்னை முதலில் பஸ் ஏற விட்டான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. வளர்ந்த ஒருவன் வாயைத் திறந்ததும் என் கண் முதலில் போனது முரசுக்கு. லூசியின் வாயில் மூன்று வருடம் அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. டொக்டர் சொல்லப் போவதில் பாதி எனக்கு அந்த பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது.

டொக்டர் வெல்லாவெளிப் பக்கத்து ஆள், அரசாங்க மிருக வைத்தியக் கந்தோருக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் குடியிருந்தார். “எனக்கு மாட்டு வாய்தான் பழக்கம் மிஸ்ஸி” என்றபடி லூசிக்கு மயக்க ஊசி போட்டார். அந்த மருந்து அப்போது கிடைக்காத சாமான். அவரிடம் இருந்ததே இரண்டு நாய்க்குத்தான் காணும். அவள் கண் சொருகியதும் வாயைத் திறந்து, கீழ்க் கடைவாய்ப் பல்லை இரண்டு விரலால் பிடித்தார். குறடு எடுக்கவில்லை. பல் கையோடு வந்தது. வெள்ளை வெளேரென்ற பல், அதன் வேரில் சீழ். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்தார். “மேலால எவ்வளவு வடிவாச் சுத்தம் செய்திரிக்கிங்க பாருங்க,” என்றார். அந்த மனிதன் என்னைக் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே மெச்சினார். அது இன்னும் மோசம். பிறகு தாடையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது இண்டைக்கு முறிஞ்சதில்ல மிஸ்ஸி. உள்ளால எலும்பு கரையத் துவங்கி ஒரு வருசத்துக்கு மேல இரிக்கும். இவ்வளவுண்டு எலும்புதான் மிஞ்சிக் கிடந்திரிக்கி. புள்ள இழுக்காட்டி, நாளைக்குத் தும்மக்குள்ள முறிஞ்சிரிக்கும்.”

நான் அவரிடம் கேட்டேன், நீ என்னிடம் கேட்ட அதே கேள்வியை. எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்ய வேணும்? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இன்றைக்கும் மாற்ற ஒன்றும் இல்லை. “பெரிய நாயெண்டா வாயப் பாத்துச் சொல்லலாம். இந்தச் சின்னச் சாதிக்கு வருசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வயசுக்குள்ளயே துவங்கிடோணும். பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் பல்லு ஒரே எண்ணிக்கைதான் மிஸ்ஸி, ஆனா தாடை இவ்வளவுண்டு. கல்முன பஸ்ஸில சனம் நிக்கிற மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்கும். இடையில அடையிறது அடைஞ்சதுதான். சிலதுக்கு ஆறு மாசத்திலயே திரும்பக் காறை ஏறும். வீட்டில நாளாந்தம் பல்லு விளக்கினா, கொஞ்சம் பிந்திக் கொண்டுவரலாம். ஆனா மயக்காமச் சுரண்டுறது, முகத்துக்குப் பவுடர் பூசுற வேலைதான்.” அதற்குப் பிறகு அவரிடமிருந்த தடித்த புத்தகத்தை இரவல் வாங்கிவந்து, அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை முழுக்க வாசித்தேன். அவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது.

ஊரடங்குக்கு முன்னால் வீடு வந்துவிட்டேன். நீ மலர் அக்கா வீட்டில் இருக்கவில்லை. மத்தியானச் சோறும் தின்னாமல் எங்கள் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கூடையை எட்டிப் பார்த்தாய். லூசி மயக்கம் முழுக்கத் தெளியாமல் வாய்க்கட்டோடு படுத்திருந்தாள். “பிழைச்சிடுவாள்” என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்: “அம்மா, நான் இழுத்ததாலதானே?” மகன், அந்த நேரம் என் கைப்பையில் ஒரு கடதாசிச் சுருளுக்குள் அந்த மூன்று பல்லும் இருந்தன. எடுத்து உன் கையில் வைத்து, “இல்ல மனே, இது அம்மாட பிழை” என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ மலர் அக்காவிடம் சொல்வாய், மலர் அக்கா ஊருக்குச் சொல்வாள், திங்கட்கிழமை பிள்ளைகளிடம் பல் விளக்கச் சொல்லும்போது, பின்னால் நிற்கிற தாய்மார் ‘மிஸ்ஸி வீட்டு நாய்க்கே பல் அழுகிப்போச்சாம்’ என்று சிரிப்பார்கள். இவ்வளவையும் ஒரு மூச்சுக்குள் நினைத்துவிட்டு, உன் தலையைத் தடவி, “இனி இழுக்காத, மனே” என்றேன். நீ தலையாட்டினாய். அன்றைக்குப் பிறகு நீ அந்தத் துண்டைத் தொடவே இல்லை.

லூசி அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தாள், நல்லாகவே இருந்தாள். நாக்கு இடப் பக்கம் கொஞ்சம் தொங்கும், முள்ளெடுத்த மீனும் குழைத்த சோறும் தின்பாள், வாய் நாற்றம் போய்விட்டது, காகத்துக்கு முன்னையை விடப் பெலமாகக் குரைத்தாள். வருடத்துக்கு ஒருமுறை நான் அவளைக் கூடையில் வைத்து ரவுணுக்குக் கொண்டுபோனது உனக்கு ஞாபகம் இருக்கும். தாடை காட்டப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். தாடை எப்போதோ பொருந்திவிட்டது. நான் போனது பல் சுத்தம் செய்ய. ஒரு வருடம் மயக்க மருந்து வரவில்லை, மற்ற மூன்று வருடமும் டொக்டர் அவளை மயக்கி முரசுக்குக் கீழே சுத்தம் செய்து தந்தார். கடைசி வரைக்கும் பல் வெள்ளையாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, மிஞ்சியிருந்த அந்தப் பல் அவரால் வெள்ளையாக இருந்தது. அம்மா கையால் இல்லை. மூன்று தரமும் அவள் மயங்கினாள், மூன்று தரமும் முழித்து என் கையை நக்கினாள். அதனால்தான் மயக்க ஊசியைப் பற்றி உனக்கு நான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவருக்கு மட்டும் சொன்னேன். “புள்ளைக்குச் சொல்லிப்போடு. அவன் அத நெனச்சிக்கிட்டே திரியிறான்,” என்றார் அன்றைக்கே. நீ வெளிநாட்டுக்குப் போக முதல் நாள் திரும்பவும் சொன்னார். அவர் சாகிறதுக்கு முந்தின கிழமை, கதைக்கவே கஷ்டப்பட்ட நேரம், “நாய் விசயம் சொல்லிட்டியா?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்று அவருக்கும் பொய் சொன்னேன். சின்னப் பிள்ளைக் காலத்துக் கதை, நீ மறந்திருப்பாய் என்றுதான் எண்ணியிருந்தேன். தர்சினியின் அந்த நாலு பென்சில் வரியைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை, ஒரு நாய் துணியைக் கவ்விக்கொண்டு வந்தால் எழும்பி வெளியே போகிறான். அதைச் செய்து வைத்தது நான். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அது உன் இஷ்டம். ஆனால் எனக்கு அது வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

இனி மிலோவுக்கு வருவோம். நாலு வயதாகிறது, தர்சினி ஒழுங்காகக் கொண்டுபோயிருக்கிறாள், அவளைக் குழப்பாதே. இந்த வருடச் சுத்தத்தைக் கலியாணத்துக்காகப் பின்போடவும் வேண்டாம். மயக்க முன் இரத்தம், நெஞ்சு எல்லாம் சோதிக்கச் சொல்லு. முரசுக்குக் கீழே படம் எடுத்துப் பார்க்கிற வசதி உங்கள் ஊரில் இருந்தால் அதையும் செய்யச் சொல்லு. மயக்காமலே செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் உன் அம்மாவை நினைத்துக்கொண்டு திரும்பி வா. வீட்டில் ஒவ்வொரு நாளும் பல் விளக்குவது உன் வேலை. விரலில் மெல்லிய துணியைச் சுற்றி முதலில் உதட்டை மட்டும் தூக்கிப் பழக்கு, பிறகு வெளிப்பக்கம் மட்டும் தேய், உள்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். மனிதருடைய பற்பசையைப் போடாதே, அதற்குத் துப்பத் தெரியாது. தடித்த எலும்பு கொடுக்காதே. வாய் நாறினால், ஒரு பக்கத்தால் மென்றால், கண்ணுக்குக் கீழே வீங்கினால், வருடம் முடியட்டும் என்று காத்திருக்காதே. நாறுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் மல்லிகைப்பூக் கதை சொல்லாமல் எழும்பிப்போய் முகர்ந்து பார். நாய்க்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும், வந்து எதையாவது காட்டும். தெரிந்தவன் என்ற எண்ணத்தில் பார்க்காமல் விட்டுவிடாதே.

இந்த உறைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். வழியில் பிரித்துப் பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். அப்பா கிழித்து முடிந்த அந்தச் சாரத்துண்டு. கொக்கியை அன்றைக்கே வாவியில் எறிந்தேன், இதை எறிய மனம் வரவில்லை. பதினெட்டு வருடம் அலுமாரியில் கிடந்தது, இப்போது துவைத்துக் காயவைத்திருக்கிறேன். மிலோவின் பல்லைச் சுத்தம் செய்து, எல்லாம் உறுதியாக இருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகு, ஒரு நுனியை அவனிடம் கொடு. மற்ற நுனியை நீ பிடி. தர்சினி பக்கத்தில் நிற்கட்டும்.

படலையில் நின்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், இதையும் வாய்விட்டுப் படி.

இல்ல மனே. நீ இழுத்ததால இல்ல.

உன் அம்மா